ராஜாங்கத்தின் பொறுமை

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய மாதா கோயில் தெருவில் எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்தாலும், சமாதானம் பேச வந்தவர்கள் கடைசியில் ராஜாங்கத்தின் பேரை இழுக்காமல் போவதில்லை. "அந்த மனுஷன் படாத பாடா நீ பட்டுட்ட? ஒரு வார்த்த எதிர்த்துப் பேசறானா பாரு" என்பார்கள். இது ராஜாங்கத்தின் காதிலும் விழும். விழுந்தால் தலையைக் குனிந்துகொண்டு அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவான். அதற்கும் தெரு அடக்கம் என்று ஒரு பேர் வைத்திருந்தது.

அவன் பெண்டாட்டி லூர்துமேரியைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். குழாயடியில் அவள் குடத்தை யாராவது நகர்த்திவிட்டால் போதும், மூன்று தலைமுறையைத் தோண்டி எடுத்துத் திட்டுவாள். வீட்டில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்தாள். அளவு கச்சிதமாக இருக்கும் என்பதால் பெண்கள் திட்டு வாங்கிக்கொண்டே துணி கொடுத்தார்கள். தெருப் பெண்களெல்லாம் உப்பளத்தில் கூடை சுமக்க, அவள் மட்டும் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. ராஜாங்கம் உப்பள வேலை முடிந்து வரத் தாமதமானால் சோற்றை நாய்க்குக் கொட்டிவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அவன் கவிழ்ந்த சட்டியை ஒரு பார்வை பார்ப்பான். சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கடைக்குப் போய் பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வான். ஒரு தடவை அந்தக் கடைக்கே வந்துவிட்டாள். கூட இருந்தவர்களைப் பார்த்து, "இதையும் ஒரு ஆம்பளன்னு பக்கத்துல ஒக்காந்து டீ குடிக்கிறீங்களே, ஒங்களுக்கு வெக்கமா இல்ல?" என்றாள். எல்லோரும் அவரவர் கிளாஸுக்குள் பார்த்தார்கள். ராஜாங்கம் பாதி டீயை வைத்துவிட்டு அவள் பின்னால் வீட்டுக்கு நடந்தான்.

அவனிடம் அவள் நேராகப் பேசுவதே அப்படி ஊர் முன்னால் திட்டுவதற்கு மட்டும்தான். வீட்டுக்குள் பேச்செல்லாம் மகள் சந்தியா வழியாகத்தான். "உங்கப்பன சாப்புடச் சொல்லு" என்பாள், அவன் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. "சித்திகிட்ட போதும்னு சொல்லும்மா" என்பான் அவன். எல்லா வீட்டிலும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று சந்தியா பள்ளிக்கூடம் போகும்வரை நினைத்திருந்தாள்.

சந்தியா லூர்துமேரி பெற்ற பிள்ளை இல்லை. அவள் அக்கா அந்தோணியம்மாளின் பிள்ளை. அந்தோணியம்மாள்தான் ராஜாங்கத்தின் முதல் மனைவி. நன்றாகச் சிரிப்பாள், நன்றாக மீன் குழம்பு வைப்பாள். கைக்குழந்தையை விட்டுவிட்டு மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். லூர்துமேரி அப்போது பாண்டிச்சேரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் புண் கழுவிக் கட்டுப்போடும் வேலையில் இருந்தாள். அந்தத் தெருவில் பத்தாவது பாஸ் செய்த முதல் பெண் அவள். வருகிற ஜூன் மாதம் நர்ஸ் படிப்பில் சேர்த்துவிடுவதாகச் சிஸ்டர்கள் சொல்லியிருந்தார்கள். அக்கா சாவுக்கு ஒரு பையில் இரண்டு புடவையோடு வந்தாள். திரும்பிப் போகவில்லை.

குழந்தை அவள் இடுப்பைவிட்டு இறங்க மறுத்தது. பெரியவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. தாயில்லாத பிள்ளையை வேறொருத்தி வந்து வளர்ப்பதாவது என்று பேச்சு ஆரம்பித்தது. முப்பதாம் நாள் செபத்துக்கு முதல் நாள், கிணற்றடியில் ராஜாங்கம் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தபோது லூர்துமேரி வந்து அவன் எதிரில் நின்றாள்.

"மாமா, நாளைக்கு ஒங்ககிட்ட கேப்பாங்க. நீங்க வேணாம்னு சொல்லிடுங்க. நான் சொன்னா எங்கப்பா என்ன வெட்டிப் போட்டுடுவாரு. நீங்க சொன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி" என்றான் ராஜாங்கம்.

"சத்தியமா?"

"சரிம்மா. நான் சொல்லிக்கறேன்."

மறுநாள் செபம் முடிந்து, சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தபோது மாமனார் கேட்டார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மகளைப் புதைத்த மனுஷன். கதவோரத்தில் லூர்துமேரி குழந்தையோடு நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது ராஜாங்கத்துக்குத் தெரியும். வேணாம் என்ற சொல் தொண்டைவரை வந்தது. இத்தனை பேர் முகத்தை முறித்துக்கொண்டு அதைச் சொல்ல அவனால் முடியவில்லை. ஒரு பக்கம், சொல்லாவிட்டால்தான் என்ன, பிள்ளைக்கு நல்லதுதானே என்றும் தோன்றியது. "பெரியவங்க பாத்து என்ன செஞ்சாலும் சரி" என்றான். நிமிர்ந்து பார்த்தபோது கதவோரத்தில் அவள் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவனை மாமா என்று கூப்பிடவில்லை. எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள், அதற்கு அந்தப் பக்கம் அவன். குழந்தை பெரியவளான பிறகும் அந்தப் படுக்கை மாறவே இல்லை. குழந்தைக்குப் பேச்சு வந்தபோது அது அவளை அம்மா என்றது. அவள் திருத்தினாள். "ஒங்கம்மா செத்துட்டா. நான் சித்தி." ஆனாலும் தலைவாரிப் பின்னி, காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்து, பன்னிரண்டாவது வரைக்கும் படிக்கவைத்தவள் அவள்தான். பிள்ளை விஷயத்தில் அவள்மேல் ஒரு சொல் சொல்ல முடியாது.

ஆகவே, ஊர் பொறுமை என்று சொன்னதை ராஜாங்கம் வேறு பேர் சொல்லித்தான் உள்ளுக்குள் வைத்திருந்தான். அவள் கொட்டுவதெல்லாம் தனக்குச் சேரவேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டான். என்றாவது ஒரு நாள் கொட்டித் தீர்ந்துவிடும் என்றும் ஒரு நினைப்பு இருந்தது.

2004 கிறிஸ்துமஸுக்கு அவளுக்கென்று அரக்குக் கலரில் ஒரு புடவை எடுத்துவந்தான். சந்தியா கையில் கொடுத்தனுப்பினான். லூர்துமேரி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பெட்டிமேல் வைத்துவிட்டுப் பழைய புடவையோடு கோயிலுக்குப் போனாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடியும் நேரத்தில் ரோட்டுப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. "கடலு ஊருக்குள்ள வந்துடுச்சு!" கரையோரக் குப்பங்களிலிருந்து ஜனங்கள் ஓடிவந்தார்கள். மேட்டில் இருந்ததால் கோயிலுக்குள்தான் எல்லோரும் நுழைந்தார்கள். கருவேல முள் கிழித்தவர்கள், படகு மோதிக் காலொடிந்தவர்கள், பிள்ளையைக் கையிலிருந்து விட்டவர்கள். மேரிசெல்வி என்று மகளைக் கூப்பிட்டுக்கொண்டு ஒருத்தன், ஜெயப்ரியா என்று கூப்பிட்டுக்கொண்டு இன்னொருத்தன். எந்த மதத்துக்காரர் என்றெல்லாம் அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

ராஜாங்கம் கூட்டத்தில் லூர்துமேரியைத் தேடினான். அவள் பீடத்துக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, அஞ்சம்மாள் என்ற குப்பத்துக் கிழவியின் தொடையில் கிழிந்த சதையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் எரியும், பொறுத்துக்கம்மா. இதோ ஆச்சு, ஆச்சு" என்றாள். இப்படி ஒரு குரல் அவளிடம் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. கிழவியின் உடம்பில் துணி இல்லை. லூர்துமேரி நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள்.

"வெந்நி கொண்டா. வீட்டுப் பெட்டிமேல ஒரு பொடவ இருக்குது, அதையும் எடுத்துக்கினு வா. ஓடு."

நேராக அவனிடம். திட்டில்லாமல். ராஜாங்கம் ஓடினான். ஊரே அழுதுகொண்டிருந்த அந்த நாளில் அவனுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதற்காக அவன் வெட்கப்பட்டான், ஆனாலும் வந்தது. மடிப்புக் கலையாத அரக்குப் புடவையை அவள் கிழவிமேல் போர்த்தினாள். அந்த வாரம் முழுக்க இருவரும் கோயிலில்தான் கிடந்தார்கள். அவள் கட்டுப்போட்டாள், சாகப்போகிறவர்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் தண்ணீர் தூக்கினான், துணி அலசினான், பிணம் தூக்கினான். "அத எடு", "இப்டி பிடி", "போய் கொஞ்சம் படு, கண்ணு செவந்துட்டுது" என்றெல்லாம் சொன்னாள். கடைசியாகச் சொன்னதை அவன் மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். வெளியூரிலிருந்து உதவிக்கு வந்திருந்த மலையாளத்துச் சிஸ்டர் ஒருத்தி, "இந்த அம்மா எங்க டிரெயினிங் எடுத்தாங்க?" என்று அவனைக் கேட்டாள். அவன் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனான்.

குப்பத்து ஜனங்களைத் தகரக் கொட்டகைகளுக்குக் கூட்டிப் போனார்கள். கோயிலைக் கழுவிவிட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி, கைகால் கழுவி உட்கார்ந்ததும் ராஜாங்கம் தானாகவே பேசினான். "அந்தக் கெழவி பொழச்சிக்கும்ல?"

லூர்துமேரி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "சந்தியா, உங்கப்பன சாப்புட வரச் சொல்லு" என்றாள்.

அந்தப் பருவம் உப்பளமே தாமதமாகத்தான் தொடங்கியது. பாத்திகளெல்லாம் சேறும் குப்பையுமாகக் கிடந்தன. தோணிப் பலகைகளையும் செத்த ஆடுகளையும் இழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி களிமண்ணை மிதித்துப் பாத்தி கட்டினார்கள். ராஜாங்கம் மற்றவர்களைவிட அதிகமாக மிதித்தான். வீட்டுக்குப் போக அவசரமில்லாதவன்.

2005 ஆவணியில் சந்தியாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பிரபாகரன், பாண்டிச்சேரியில் லேத்துப் பட்டறையில் வேலை. நல்ல பையன். கல்யாண வேலை அத்தனையும் லூர்துமேரிதான் பார்த்தாள். பந்தல்காரனிலிருந்து பங்குக் குருவானவர்வரை ஒருவர் விடாமல் சண்டை போட்டாள். பெண்ணை அனுப்பும்போது மட்டும் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சந்தியா அங்கே போய்க் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள். பிறகு அப்பாவிடம் வந்தாள்.

"நீ ஒரு தடவையாச்சும் கத்தியிருக்கலாம்பா" என்றாள்.

"எதுக்கும்மா?"

"நீ பேசாம இருக்க இருக்க சித்தி மட்டும்தான் கெட்டவளா தெரியுது. ஊருக்கு நீ நல்லவன். அதுக்கு அது இன்னும் கத்துது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டு பேருமே வேணும். ஆனா இனிமே நடுவுல நின்னு ஒப்பிக்கிறது என்னால ஆகாது."

அவள் போன பிறகு வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. லூர்துமேரி தட்டை வைத்துவிட்டுக் கரண்டியால் சட்டியில் ஒரு தட்டு தட்டுவாள். சாப்பிட வரலாம் என்று அர்த்தம். அவன் போதும் என்றால் கையைத் தட்டுக்கு மேல் விரிப்பான். தையல் மிஷின் ஓடும் சத்தம் இருக்கும்வரை வீட்டில் ஆள் இருப்பது தெரியும். மிஷின் நின்றால் இருவருக்குமே ஒரு மாதிரி இருக்கும். அவன் எழுந்து வெளியே போவான்.

மறு வருஷம் கோடையில், சுனாமி வாரத்தில் வந்திருந்த மலையாளத்துச் சிஸ்டர் வீடு தேடி வந்தாள். திண்டிவனம் பக்கம் ஒரு முதியோர் இல்லம் தொடங்கியிருந்தார்கள். படுக்கையாகக் கிடக்கும் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும். "உங்க கை எனக்கு ஞாபகத்துலயே இருக்குது" என்றாள் லூர்துமேரியிடம். "வந்து தங்கிப் பாக்கிறீங்களா? மகளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொன்னாங்க."

லூர்துமேரி மிஷின் பக்கம் திரும்பித் தைக்க ஆரம்பித்தாள். சிஸ்டர் யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து போனாள். ராஜாங்கம் வாசலில் நின்றபடியே நெடுநேரம் தைரியம் சேர்த்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"நீ போ" என்றான்.

மிஷின் நின்றது.

"நான் ஒண்டியா பாத்துக்கறேன். நீ ஆசப்பட்ட வேலதான? போ."

லூர்துமேரி திரும்பினாள். கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கத்தவில்லை.

"இப்ப சொல்ற" என்றாள். "எனக்கு முடி நரைச்ச பிறகு. முட்டி போன பிறகு. யாரும் ஒன் மொகத்த பாத்து ஒண்ணும் கேக்க முடியாதுன்னு ஆன பிறகு சொல்ற. அன்னிக்கு இந்த ஒரு வார்த்தயச் சொல்றதுக்கு ஒனக்கு வாய் இல்லாம போச்சேய்யா."

"தப்புதான்."

"தப்புன்னு ஒனக்குத் தெரியும். அது எனக்கும் தெரியும். தெரிஞ்சிதான் நீ இத்தன வருசமா வாங்கிக்கினு ஒக்காந்திருந்த. ஒரு நாளாச்சும் என்னத் திருப்பி அடிச்சிருந்தா நான் வீட்ட விட்டு ஓடியிருப்பேன். ஓடறதுக்குக் கூட நீ ஒரு வழி விடல."

அந்த வாரமே அவள் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுவரை அவன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பஸ் ஏறியவள் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கு அந்த நேரம் அவள் கிணற்றடியில் நின்ற அந்தப் பெண்ணைப் போலவே தெரிந்தாள். பஸ் போன பிறகு, இருபது வருஷத்துக்கு முன்னால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதுபோல் நெஞ்சு லேசானது. அன்றிலிருந்து தானே சோறு பொங்கினான், உப்புப் போட மறந்தான், தனக்குத் தானே சிரித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையில் அவளுக்காக வேண்டிக்கொண்டான். அவள் இனி வரவேண்டாம் என்றுதான் வேண்டிக்கொண்டான். அதில் வெறுப்பு எதுவும் இல்லை.

ஆடி முடிவதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். உப்பளத்திலிருந்து வந்தவன் வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தான். உள்ளே அவள் பையைக்கூடப் பிரிக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ராஜாங்கம் காலில் ஒட்டியிருந்த உப்பைக்கூடக் கழுவாமல் எதிரில் உட்கார்ந்தான்.

"சிஸ்டர் ஏதாவது சொன்னாங்களா?"

"அவங்க என்னா சொல்வாங்க. தங்கமான மனுஷி. போவாதேன்னு கையப் பிடிச்சாங்க." சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒரு கெழவி. கை கால் வராது. நான் துணி மாத்தி இன்னும் திரும்பல, மறுபடி நனைச்சிடுச்சி. திட்ட ஆரம்பிச்சேன். எனக்கே நிறுத்த முடியல. கைய ஓங்கிட்டேன்."

ராஜாங்கம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"அடிக்கல. ஆனா அது என்னப் பாத்து கையெடுத்துக் கும்பிட்டுது. வராத கைய இப்டி இப்டி தூக்கி." அவள் தன் கையால் செய்து காட்டினாள். பிறகு அந்தக் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கே சொல்லிக்காம பைய எடுத்துக்கினு வந்துட்டேன்."

"ஒரு தடவதான. சிஸ்டர்கிட்ட நான் வந்து பேசறேன். அன்னிக்கு கோயில்ல நீ எப்டி…"

"அது ஒரு வாரம்யா. ஒரு வாரம்னா யாரு வேணா நல்லவளா இருக்கலாம்." குரல் உயரவில்லை. "திட்டித் திட்டி இந்த நாக்கு அதுக்கே பழகிடுச்சு. எனக்கு இனிமே ஒன்னோட இருக்கத்தான் தெரியும். வேற யாரோடயும் இருக்கத் தெரியல."

"எல்லாம் நான் பண்ணதுதான்" என்றான் ராஜாங்கம். அன்றைக்குத்தான் அதை வாய்விட்டுச் சொன்னான். சொன்னால் ஏதாவது நடக்கும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

"ஆமா" என்றாள் அவள். அவ்வளவுதான். எழுந்து போய் அரிசி களைந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாத்திகளில் மழைத்தண்ணீர் நின்றது. மிச்சமிருந்த உப்பைக் குவித்துக் கீற்று மூடிவிட்டு மேஸ்திரி எல்லோரையும் அனுப்பிவிட்டார். இனி தை பிறந்தால்தான் வேலை. அந்த வாரம் சந்தியா வந்தாள். நான்கு மாதக் கர்ப்பம் என்று தெரிந்ததும் லூர்துமேரி ஓடிப்போய் மீன் வாங்கி வந்தாள். பிரசவத்துக்கு எப்போது கூட்டிவரலாம், எந்த ஆஸ்பத்திரி, யாரைத் துணைக்கு வைப்பது என்று அவளே பேசிக்கொண்டு போனாள். சந்தியா சாப்பிட்டு முடித்து, தட்டிலேயே கை கழுவிவிட்டுச் சொன்னாள்.

"பிரசவம் அங்கியே பாத்துக்கறோம் சித்தி. அவங்க அம்மா இருக்காங்க."

"தலப் பிரசவம் அம்மா வீட்லதாண்டி. ஊரு என்னா பேசும்?"

"பேசட்டும். இந்த வீட்ல ஒரு கொழந்த வளர்ந்தது போதும்."

லூர்துமேரி திறந்த வாயை மூடிக்கொண்டாள். ராஜாங்கம் மகளை பஸ் ஏற்றிவிடக் குடையை எடுத்தான். ரோட்டில் சந்தியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பாண்டி பஸ் வரும்வரை அழுதாள். கோபித்துக்கொள்ளாதே என்றாள். இல்லம்மா, நீ சொன்னது சரிதான் என்றான். அது உண்மைதான் என்று அவனுக்கும் தெரிந்தது.

திரும்பி வரும்போது மழை வலுத்தது. வீட்டுக்குள் லூர்துமேரி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் சுவிட்சைத் தட்டினான். கரண்ட் இல்லை.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டா."

"சீட்டு கெடச்சுதா?"

"கெடச்சுது."

ஓட்டில் ஒழுகிய இடத்துக்குக் கீழே அவள் ஒரு குண்டானை நகர்த்தி வைத்தாள். அவன் வாசலோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தை மாதத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று நினைக்கத் தொடங்கி, வேண்டாம் என்று விட்டுவிட்டான்.